தொடர் கல்வியும் கண் நலப் பணியும்

(கண் மருத்துவ உதவியாளர்களுக்கும் கண் பரிசோதகர்களுக்குமான புத்தாக்கப் பயிற்சியின் தொடக்கத்தில் ஆற்றிய உரை)



ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றும் கண் மருத்துவ உதவியாளரையும், பார்வை மையத்தில் கண்ணாடிக்கு அளவு பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் எனப்படும் கண் பரிசோதகரையும் கிராம மக்கள் 'கண் டாக்டர்' என்றே அழைக்கின்றனர். அவர்கள் முதலில் நாடி வருவது உங்களைத்தான். கண்ணில் தூசி விழுந்தவரும், கண் சிவந்தவரும், எழுத்து மங்கியவரும் உங்கள் முன் வந்து அமர்கின்றனர். அவர்களுள் யாரை மருந்து கொடுத்து அனுப்பலாம், யாரை அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்யும் பொறுப்பு உங்களுடையது. அம்முடிவைப் பிழையின்றி எடுக்கும் ஆற்றலை வளர்ப்பதே தொடர் கல்வியின் தலையாய நோக்கம் என்பது என் கருத்து.

நம் நாட்டில் தேசியக் குருட்டுத் தடுப்புத் திட்டம் 1976-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அன்று நம் கவனம் பெரிதும் கண்புரையின்மீதே இருந்தது. இன்றும் அது முதலிடத்திலேயே இருக்கிறது. 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடையே காணும் பார்வையின்மையில் 66.2 சதவீதம் கண்புரையால் விளைந்தது. அதற்கு அடுத்த இடம் கருவிழித் தழும்புக்கு உரியது, அது 8.2 சதவீதம். இவ்விரண்டுக்கும் அடிப்படையான ஒரு வேற்றுமை உண்டு. கண்புரையால் இழந்த பார்வையை அறுவைச் சிகிச்சையால் மீட்கலாம். கருவிழி புண்பட்டுத் தழும்பேறிவிட்டால் மீட்பது அரிது. ஆகவே கருவிழி நோயில் காலமே மருந்து எனலாம்.

கண் சிவப்பை எடுத்துக்கொள்வோம். 2023-ஆம் ஆண்டு பருவமழைக் காலத்தில் நாட்டின் பல மாநிலங்களில் 'மெட்ராஸ் ஐ' என்னும் கண்நோய் பரவியதை நீங்கள் அறிவீர்கள். இது பெரும்பாலும் வைரஸால் வருவது, தானே தணியக்கூடியது. இதில் பீளையும் உறுத்தலும் இருக்கும். ஆனால் பொதுவாகப் பார்வை குறையாது. கருவிழி தெளிவாக இருக்கும். மாறாக, கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைக் காண இயலாமை, கருவிழியில் வெண்புள்ளி, கண்பாவையின் அளவில் மாற்றம் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அதைச் சாதாரணக் கண்நோய் எனக் கருதலாகாது. தலைவலியும் வாந்தியுமாக வருபவரின் கண் சிவந்து, கருவிழி மங்கி, கண்பாவை விரிந்து நின்றால், அது கண் அழுத்தம் திடீரென உயர்ந்ததன் அறிகுறி. அவரை வயிற்றுக் கோளாறு என்று எண்ணி அனுப்பிவிட்டால், சில நாட்களிலேயே பார்வை பறிபோகலாம்.

இங்கே ஸ்டீராய்டு சொட்டு மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். அதை விட்டதும் சிவப்பு குறைகிறது, நோயாளி மகிழ்கிறார். ஆனால் நெல் உமியோ, கரும்புத் தோகையோ பட்ட கண்ணில் பூஞ்சை தொற்றியிருந்தால், இம்மருந்து அதற்கு உரமாகிவிடும். கண் அரிப்புள்ள குழந்தைகளுக்குப் பெற்றோர் மாதக்கணக்கில் கடையில் வாங்கி விடும்போது, கண் அழுத்தம் ஓசையின்றி உயர்ந்து பார்வை நரம்பு கெடுகிறது. மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாத மருந்து இது. எனவே, வருகின்ற ஒவ்வொருவரிடமும் "இதற்குமுன் என்ன சொட்டு மருந்து விட்டீர்கள்? பாட்டிலைக் கொண்டுவந்தீர்களா?" என்று கேட்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

காலத்தின் அருமைக்கு ஒரு சான்று தருகிறேன். 1996-இல் வெளியான ஆய்வொன்று, மதுரை மாவட்டத்தில் ஆண்டொன்றுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் ஏற்படுவதாக மதிப்பிட்டது. வயல் வேலையில் நேரும் சிறு சிராய்ப்பே இதற்குப் பெரும்பாலும் தொடக்கம். நேபாளத்தின் பக்தபூர் மாவட்டத்தில் கிராமத் தொண்டர்களைப் பயிற்றுவித்து, சிராய்ப்பு ஏற்பட்டவர்களுக்குக் குளோரம்பெனிகால் களிம்பை நாளுக்கு மூன்று முறையாக மூன்று நாட்கள் இடச் செய்தனர். 442 பேரில் 424 பேருக்குத் தொற்று ஏற்படாமலே காயம் ஆறியது. அடிபட்ட 18 மணி நேரத்திற்குள் மருந்து பெற்றவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் உண்டாகவில்லை. இதன் முடிவு 2001-இல் வெளியாயிற்று. விலை உயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டவை முறையான பயிற்சியும் விரைவுமே.

மருத்துவ அறிவு நாளும் மாறுவது. பூஞ்சைப் புண்ணுக்கு வோரிகோனசோல் என்னும் புதிய மருந்து சிறந்ததாகலாம் எனப் பலர் எதிர்பார்த்தனர். தமிழ்நாட்டுக் கண் மருத்துவமனைகளில் பெருமளவில் நடத்தப்பெற்று 2013-இல் வெளியான ஆய்வு, பழைய நேட்டமைசினே மேலானது என்று காட்டியது. இருபது ஆண்டுகளுக்கு முன் பெற்ற சான்றிதழை மட்டும் நம்பியிருப்பவரை இத்தகைய செய்திகள் எட்டுவதில்லை.

சிவப்பும் வலியும் இல்லாமலே பார்வையைக் கவரும் நோய்களும் உண்டு. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உடையவர்கள் 10.1 கோடிப் பேர் என மதிப்பிட்டது. 50 வயதுக்கு மேற்பட்ட நீரிழிவு நோயாளிகளில் 16.9 சதவீதத்தினருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருப்பதாகத் தேசியக் கணக்கெடுப்பு கூறுகிறது. அவர்களுள் பலருக்குத் தொடக்கத்தில் ஒரு குறையும் தெரிவதில்லை. கண் அழுத்த நோயும் அத்தகையதே. பக்கப் பார்வை சிறிது சிறிதாகக் குறைவதை நோயாளி உணர்வதில்லை. இழந்த பார்வை திரும்புவதும் இல்லை.

ஆனால் ஒரு நல்வாய்ப்பு நம்மிடம் இருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டியதும் ஏறத்தாழ அனைவருக்கும் வெள்ளெழுத்து வருகிறது. கண்ணாடி வேண்டி அவர்கள் தாமாகவே உங்களிடம் வருகின்றனர். அந்தச் சில நிமிடங்களில் கண் அழுத்தத்தை அளந்து, பார்வை நரம்பை நோக்கி, "சர்க்கரை இருக்கிறதா, குடும்பத்தில் யாருக்கேனும் கண் அழுத்த நோய் உண்டா" என்று வினவினால், எத்தனையோ கண்களைக் காக்கலாம். கண்ணாடி மட்டும் கொடுத்து அனுப்பினால், அவர் மீண்டும் வருவதற்குள் காலம் கடந்துவிடலாம்.

இத்தகைய கல்வி எப்படி அமைய வேண்டும்? ஆண்டுக்கு ஒருமுறை நகரத்து அரங்கில் உரை கேட்டு, சான்றிதழ் பெற்றுத் திரும்புவதால் மட்டும் பயன் விளையாது. நீங்கள் கண்ட நோயாளிகளின் குறிப்பேடே உங்கள் பாடநூலாக வேண்டும். நீங்கள் அனுப்பிய ஒவ்வொருவரைப் பற்றியும், இன்ன நோய், இன்ன சிகிச்சை என்று எழுதி மருத்துவமனை உங்களுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். இந்தச் சீட்டு திரும்பி வராதவரை, உங்கள் கணிப்பு சரியா தவறா என்பதை நீங்கள் அறிய வழியில்லை. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாவட்டக் கண் மருத்துவருடன் அமர்ந்து அச்சீட்டுகளைப் படித்தாலே அது சிறந்த பயிற்சியாகும்.

அனுப்புவதும் ஒரு கலையே. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று மட்டும் சொன்னால், அறுவடையை விட்டு எவரும் போக மாட்டார். ஏன் போக வேண்டும், தாமதித்தால் என்ன ஆகும், எங்கே, யாரைக் காண வேண்டும் என்பவற்றை விளக்குங்கள். துணைக்கு ஆளின்றித் தயங்கும் முதிய பெண்களின் வீட்டாரிடமும் பேசுங்கள்.

2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் பற்றிய தேசிய ஆணையச் சட்டம் உங்கள் தொழிலுக்கும் சட்ட அங்கீகாரம் அளித்துள்ளது. அங்கீகாரத்தோடு பொறுப்பும் வருகிறது. எல்லை எது என்று அறிந்து, அதற்குள் முழுமையாகச் செயல்பட்டு, எல்லைக்கு அப்பாற்பட்டதை உரிய நேரத்தில் உரியவரிடம் ஒப்படைப்பவரே சிறந்த கண் ஊழியர்.

இப்பயிற்சியின் வெற்றியை, வரும் ஆண்டில் நீங்கள் தக்க நேரத்தில் அனுப்பிக் காப்பாற்றிய கண்களின் எண்ணிக்கையால் அளப்போமாக.