ஈந்தாரும் காத்தாரும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஓர் அறநிலையத்தை நெடுங்காலம் வாழவைப்பவர் யார் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள். பொருள் ஈந்தவரா, பொறுப்பேற்று நடத்தியவரா, அன்றி நாள்தோறும் அதன் வாயிலை மிதித்தவரா? இவ்வினாவுக்கு விடை தேடி, இங்கிலாந்தில் செவர்ன், ஏவன் என்னும் ஈராறுகள் கூடுமிடத்தில் அமைந்த டூக்ஸ்பரி என்னும் சிற்றூருக்கு உங்களை அழைத்துச் செல்ல விழைகின்றோம்.

1066ஆம் ஆண்டில் நார்மானியர் கடல் கடந்து வந்து இங்கிலாந்தை வென்றனர் என்பதை நாம் அறிவோம். அந்நார்மானியப் பிரபுக்களுள் ஒருவர் ராபர்ட் பிட்ஸ்ஹாமன். டூக்ஸ்பரியும் அதனைச் சூழ்ந்த நிலங்களும் அவர் கைக்கு வந்தன. ஆங்கு அவர் துறவியர்க்கு ஒரு பெருமடம் எடுக்கத் துணிந்தார். கிரான்போர்ன் என்னும் ஊரிலிருந்த துறவியர் தம் மடத்துத் தலைவருடன் 1102இல் டூக்ஸ்பரிக்கு வந்து சேர்ந்தனர். நார்மண்டியின் கான் நகரத்துக் கல் கடலிலும் ஆற்றிலுமாகப் படகேறி வந்தது.

பிரபு நிலமும் வருவாயும் அளித்தார். துறவியர் அவர்தம் ஆன்ம நலத்திற்காக நாள்தோறும் இறைவனை வேண்டினர். இஃதே கொள்வினை கொடுப்பினையாக அமைந்த உறவு. ஆயின் இதனுள் மற்றொரு பொருளும் உண்டு. மூதாதையர் கல்லறைகளைக் கடலுக்கு அப்பால் விட்டு வந்த குடி அது. குடியேறிய மண்ணில் வேரூன்றுதற்கு ஓரிடம் அதற்கு வேண்டியிருந்தது. மடம் அவ்விடமாயிற்று. எனினும், கட்டத் தொடங்கியவர் பணி முற்றுப்பெறக் கண்டாரில்லை. 1105இல் பலேஸ் முற்றுகையில் தலையில் காயமுற்ற பிட்ஸ்ஹாமன் 1107இல் மறைந்து, தாம் எடுத்த மடத்திலேயே அடக்கம் பெற்றார். கோயில் திருநிலைப்படுத்தப்பெற்றது 1121இல்தான்.

அவருக்குப் பின் உரிமை பெண்வழியே சென்றது. மகள் மேபல், முதலாம் ஹென்றி மன்னரின் மைந்தர் ராபர்ட்டை மணந்தார். இந்த ராபர்ட் பிரிஸ்டலில் டூக்ஸ்பரி மடத்திற்கு ஒரு கிளை மடம் நிறுவி, ஆங்கேயே அடக்கமானார். அவர் பேத்தி அமிசியாவின் வழியாக உரிமை கிளேர் குடிக்கு வந்தது.

அக்குடியின் கில்பர்ட் டி கிளேர் 1230இல் பிரிட்டனி நாட்டில் மாய்ந்தபோது, அவர் உடல் கடல் கடந்து டூக்ஸ்பரிக்குக் கொண்டுவரப் பெற்றது. அவர்தம் மனைவி இசபெல் பின்னர் மறுமணம் புரிந்தார். 1240இல் இறக்குங்கால், முதற் கணவர் அருகே துயில விரும்பினார். இரண்டாம் கணவர் அதற்கு உடன்படவில்லை. உடல் பியூலி மடத்தில் அடங்கியது. ஆயின் இதயம் மட்டும் பேழையில் வைத்து டூக்ஸ்பரிக்கு அனுப்பப்பெற்றது. ஒரு குடிக்கும் ஒரு மடத்திற்கும் இருந்த பிணைப்பை இதனினும் தெளிவாகக் காட்டுவது யாது?

1314இல் பானக்பர்ன் போரில் கிளேர் குடியின் இளந்தலைவர் மகப்பேறின்றி வீழ்ந்தார். சொத்து உடன்பிறந்த மகளிர் மூவர்க்குப் பங்கிடப்பட்டது. டூக்ஸ்பரி மூத்தவரான எலினாருக்கு வாய்த்தது. அவர் கணவர் இளைய ஹியூ டெஸ்பென்சர், இரண்டாம் எட்வர்ட் மன்னரின் அருளால் அளவிறந்த செல்வமும் பகையும் ஈட்டியவர். 1326இல் அரசி இசபெல்லாவின் பக்கம் வென்றபோது, அவர் ஹெரிபோர்டில் துரோகி எனக் கொல்லப்பெற்று, உடல் துண்டுகளாக்கப்பட்டுப் பல நகரங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டது. எலினாரும் சிறைப்பட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, எலும்புகளைத் திரட்டி அடக்கம் செய்ய மூன்றாம் எட்வர்ட் இசைந்தார். நாடு தள்ளிய அவ்வெலும்புகளை மடம் ஏற்றது. இறுதிப் பலிபீடப் பகுதியின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில், 1340ஐ ஒட்டி, பிட்ஸ்ஹாமன் முதலிய அக்குடிப் பெருமக்களின் உருவங்கள் போர்க்கோலத்துடன் இடம் பெற்றன. குடி மூன்று முறை பெயர் மாறிற்று. மடத்தின் நினைவில் அஃது ஒரே குடியாக நின்றது.

அன்பர்களே, இனித்தான் கதையின் உயிர்நிலை. எட்டாம் ஹென்றி மன்னர் துறவியர் மடங்களைக் கலைத்தபோது, 1540 ஜனவரியில் டூக்ஸ்பரி மடமும் அரசிடம் ஒப்படைக்கப்பெற்றது. இறுதி மடத்தலைவர் வேக்மன் அடுத்த ஆண்டே குளோஸ்டரின் முதல் ஆயரானார். ஈந்த குடிகளின் ஆட்சி முன்னரே முடிந்திருந்தது. கோயிலை இடிக்க அரசு அலுவலர் குறித்துவிட்டனர். அவ்வேளை முன்வந்தவர் யார்? ஊரார்! கோயிலின் நடுக்கூடம் தலைமுறை தலைமுறையாகத் தாங்கள் வழிபட்ட ஊர்க்கோயில் என்று வழக்குரைத்தனர். எஞ்சிய பகுதிக்கு, கூரையின் ஈயத்திற்கும் மணிகளுக்கும் மதிப்பிட்டு 453 பவுன் திரட்டி அளித்தனர். துறவியர் வாழ்ந்த மனைகள் பல அழிந்தன, கோயில் நின்றது. இன்றும் அஃது ஊரார் வழிபடும் கோயிலாகவே விளங்குகின்றது.

ஈந்தாரைப் பழிப்பது எமது நோக்கமன்று. அவர் இன்றேல் அம்மாபெருந் தூண்கள் எழுந்திரா. நடத்தினாரைக் குறைகூறுவதும் அன்று. அவர் இன்றேல் நினைவு நிலைத்திராது. எனினும், ஈந்தாரும் நடத்தினாரும் அகன்ற நாளில் காத்தவர், அக்கூடத்தைத் தமதென்று எண்ணிப் பயன்படுத்தியவரே.

நமது சங்கமும் பிறமண்ணில் ஊன்றிய வேர். இதற்கு நன்கொடையாளர் வேண்டும், பொறுப்பாளர் வேண்டும். ஆயின் நூலகத்தில் புத்தகம் எடுக்கும் சிறுவனும், மாலை வகுப்பில் தமிழெழுத்துப் பயிலும் சிறுமியும், இஃது எம்முடையது என்று எண்ணுகின்ற வரையில்தான் இது நிலைக்கும். அவ்வெண்ணத்தை நம் இல்லந்தோறும் வளர்ப்போமாக.