நட்ட கையே நீரும் வார்க்கட்டும்

(மதரஸா ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

2018 நவம்பர் 16 அதிகாலையை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துச் சென்றது. எமது கொல்லையில் எம் வாப்பா வைத்த 18 தென்னைகளில் 16 விழுந்தன. ஃபஜ்ருக்குப் பின் அங்குச் சென்று நின்றோம். அந்த இடத்திலிருந்து அவ்வளவு வானத்தை அதற்குமுன் நாம் கண்டதில்லை.

மாசி மாதத்தில் 20 கன்றுகளை வைத்தோம். வைத்தோம் என்பதுகூடப் பிழை. கூலியாட்களைக் கொண்டு வைப்பித்தோம். ஒரு முற்பகலில் வேலை முடிந்தது. நாம் நிழலில் நின்று துஆ ஓதினோம். சித்திரை வெயிலில் 13 கன்றுகள் கருகின. குழியில் ஆழமில்லை, நிழல் மறைப்பில்லை, தவறாது நீர் வார்க்க ஆளில்லை. குற்றம் எமதே.

எம் உம்மா கருகிய கன்றுகளைப் பார்த்துவிட்டு, "தம்பி, கூலிக்கு நட்டது கூலியோட போச்சு. பிள்ளைகளைக் கூப்பிடு" என்றார்கள்.

ஸல்மான் ஃபாரிஸீ (ரலி) அவர்களின் வரலாற்றை மதரஸாவில் எத்தனையோ முறை ஓதிக் கொடுத்திருக்கிறோம். அவர்கள் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற, பொன்னோடு 300 பேரீச்சங் கன்றுகளையும் நட்டுத் தர வேண்டியிருந்தது. தோழர்கள் 30, 20 என இயன்ற அளவு கன்றுகளைக் கொணர்ந்தனர். குழி தோண்டவும் துணை நின்றனர். நபி (ஸல்) அவர்கள் தம் கரங்களாலேயே கன்றுகளை நட்டார்கள் என முஸ்னத் அஹ்மதில் வருகிறது. அந்த முபாரக்கான கரங்களில் மண் பட்டது என்பது, ஓதிக் கொடுத்த எமக்கே அன்றுதான் உறைத்தது.

புரட்டாசியில் குடும்பத்தோடு இறங்கினோம். மும்முழ அளவல்ல, நீளம், அகலம், ஆழம் மூன்றும் மூன்றடியாகக் குழி எடுத்தோம். மணல், செம்மண், மக்கிய எரு இட்டு, கன்றின் கழுத்து மண்ணில் புதையாமல் நட்டோம். மேற்கு வெயிலுக்குக் கீற்று மறைப்புக் கட்டினோம். பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு கன்றுகள் பொறுப்பு. உம்மாவும் கிணற்றடியில் தம் கையால் ஒன்றை வைத்தார்கள். ஃபஜ்ருக்குப் பின் மீண்டும் உறங்கும் பழக்கம் எம் வீட்டில் அன்றோடு நின்றது.

மறு ஆண்டு காண்டாமிருக வண்டு வந்தது. மக்கிக் கிடந்த பழைய மரங்களில் பெருகிய வண்டு அது. கம்பிக் கொக்கியால் குத்தி எடுத்தோம். வேப்பங்கொட்டைத் தூளை மணலோடு கலந்து மட்டை இடுக்குகளில் இட்டோம்.

வீட்டில் எம் முன் வாய் திறவாத மூத்த மகன், ஹிஃப்ளு ஓதுவது தனக்கு எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று முதன்முதலாகச் சொன்னது மண்வெட்டியோடு நின்றபோதுதான். வீட்டிற்குள் சொல்லியிருந்தால் கடிந்திருப்போம். அங்கே இருவர் கையிலும் வேலை இருந்தது, கேட்க முடிந்தது.

உம்மா 2022இல் மறைந்தார்கள். அல்லாஹ் அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவானாக. அவர்கள் வைத்த கன்று பின்னர் முதற்பாளை விட்டது. குரும்பைகளை அணில் கடித்துப் போடுவதாக எம் மகள் முறையிட்டாள். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ, பறவையோ, விலங்கோ உண்பது அவருக்குத் தர்மமாகும் என்ற நபிமொழி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இருப்பதை எடுத்துச் சொன்னோம். "அப்போ அது வாப்பும்மாவுக்குப் போய்ச் சேருதா?" என்று கேட்டாள். அதன்பின் அவள் அணிலை விரட்டவில்லை.

பெரியோர்களே! நம் கபுருஸ்தான் சுற்றுச்சுவரோரம் வெறுமையாகக் கிடக்கிறது. வரும் மழைக்காலத்தில் வீட்டிற்கொரு வேம்போ புங்கனோ எடுத்துக்கொள்வோம். பிள்ளைகளை அழைத்து வாருங்கள். குழியை நீங்களே தோண்டுங்கள். வேர் பிடிக்கும்வரை நீங்களே நீர் வாருங்கள். நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆண்டறிக்கையில் நட்ட கன்றுகளின் கணக்கு வேண்டாம். உயிரோடு நிற்பவற்றின் கணக்கை அச்சிடுங்கள்.

வல்ல நாயன் நம் கைகளின் உழைப்பைக் கபூல் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.