சரித்திரமும் பூகோளமும் கற்கும் நம் பிள்ளைகள்



தமிழ்நாட்டை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடித்தனம் நடத்தும் நம்மவர் வீடுகளில், பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றிய பேச்சு எழும்போது சரித்திரமும் பூகோளமும் பெரும்பாலும் கணக்கில் சேர்வதில்லை. எஞ்சினீயரிங் உண்டு; வைத்தியம் உண்டு; தணிக்கையாளர் தொழில் உண்டு. இவற்றுள் எதிலும் இடம் கிட்டாதவருக்கு மிஞ்சும் பாடங்கள் என்றே அவ்விரண்டையும் எண்ணிப் பழகிவிட்டோம். சொந்த ஊரை விட்டு வந்தவர் முதலில் நாடுவது நிலையான வருமானத்தை. ஆகவே இந்த எண்ணத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், இத்துறைகளில் ஆராய்ச்சி செய்ய விழையும் மாணவருக்கு வெளிமாநிலத் தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்திருப்பதே ஒரு பெரும் அனுகூலம் என்பதை நாம் போதிய அளவு உணரவில்லை. அந்த அனுகூலம் யாது, அதைப் பயன்படுத்தும் வழி யாது என்பதையே இன்று பேச எண்ணுகிறோம்.

புனே நகரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அங்கே வளரும் தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறது. தெருவிலும் பள்ளியிலும் மராத்தி பேசுகிறது. தஞ்சாவூரை 1676 முதல் 1855 வரை ஆண்டவர்கள் மராத்திய போன்ஸ்லே மரபினர். அவர்களுடைய அரசாங்கக் கணக்குகளும் கடிதங்களும் மராத்தி மொழியில், மோடி என்னும் விரைவெழுத்தில் எழுதப்பட்டவை. அரண்மனைச் செலவு, கோயிற் கட்டளை, சத்திரத்துச் சாப்பாடு, வைத்தியசாலைக்கு வாங்கிய மருந்து என்று ஒரு நாட்டின் அன்றாட வாழ்வு முழுவதும் அந்தக் கட்டுகளில் உறங்குகிறது. அவற்றில் ஒரு பகுதியைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டது. இன்னும் படிக்கப்படாதவை மிகப் பல. மோடி எழுத்து இருபதாம் நூற்றாண்டில் வழக்கொழிந்துவிட்டபடியால் மராத்தியரிலேயே அதைப் படிக்க வல்லவர் சிலரே.

தஞ்சையில் உள்ள மாணவர் இந்தக் கட்டுகளைப் படிக்க வேண்டுமானால் முதலில் மராத்தி கற்க வேண்டும். பிறகு மோடி கற்க வேண்டும். புனேயில் வளர்ந்த நம் பிள்ளைக்கு முதற்படி ஏற்கெனவே கடந்த படி. இரண்டாவது படிக்கு அந்நகரத்திலேயே துணை உண்டு. ராஜ்வாடே என்ற பேரறிஞர் 1910-இல் தொடங்கிய பாரத இதிகாச சம்சோதக மண்டலம் அங்கே இருக்கிறது. இந்திய வரலாற்றுக் காங்கிரஸின் முதல் மாநாடு 1935-இல் கூடியதும் அதன் ஆதரவிலேதான். மோடி எழுத்தைப் பொதுமக்களுக்குக் கற்பிக்கும் வகுப்புகளை இத்தகைய நிறுவனங்கள் நடத்தி வருகின்றன. எழுத்துகளின் அறிமுகம் சில வாரங்களில் கைகூடும். ஒருவருடைய கையெழுத்தைத் தடுமாறாமல் படிக்கும் தேர்ச்சிக்கு நீண்ட பழக்கம் வேண்டும். தமிழும் மராத்தியும் மோடியும் அறிந்த ஒருவர் தஞ்சைச் சரித்திரத்துக்கு எவ்வளவு அருமையானவர் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதே போன்ற நிலை வேறு ஊர்களிலும் உண்டு. திருவனந்தபுரத்தில் பத்மநாப சுவாமி கோயிலைச் சார்ந்த மதிலகம் ஓலைகள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தமிழும் மலையாளமும் வட்டெழுத்தும் வேண்டும். பெங்களூரில் டொம்லூர் வழியாக நாள்தோறும் அலுவலகம் செல்லும் தமிழர் ஆயிரக்கணக்கானவர்; அங்குள்ள சொக்கநாத சுவாமி கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பதை அறிந்தவர் எத்தனை பேரோ! கோலாரம்மன் கோயிலில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. இவற்றையெல்லாம் ரைஸ் என்ற ஆங்கிலேயர் நூறாண்டுகளுக்கு முன்பே படியெடுத்து அச்சேற்றினார். ஆனால் அச்சேறியதோடு வேலை முடிந்துவிடவில்லை. கன்னட நாட்டின் நடுவே தமிழில் கல்வெட்டு வெட்டுவித்தவர் யார், அவர்கள் நிலம் எங்கே இருந்தது, அண்டை அயலாரோடு எவ்வாறு வாழ்ந்தார்கள் என்ற கேள்விகளுக்கு இரு மொழிக் கல்வெட்டுகளையும் ஒருங்கே வைத்துப் படிப்பவரே விடை காண முடியும்.

மைசூரைப் பற்றியும் ஒரு சொல். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு உதகமண்டலத்திலிருந்து 1966-இல் மைசூருக்கு இடம் பெயர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் தென்னாடெங்கும் எடுத்த மைப்படிகள் அங்கே சேர்ந்தன. அவற்றுள் தமிழுக்கு உரியவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் ஆணையிட்டது. படிகள் எந்த ஊரில் இருப்பது என்பதில் காட்டிய ஆர்வத்தில் ஒரு பங்கையாவது அவற்றைப் படிக்கும் ஆட்களை உருவாக்குவதில் நம்மவர் காட்டினால் நன்றாக இருக்கும் என்று கருதுகிறோம்.

இனிக் கல்கத்தாவுக்கு வருவோம். அலிப்பூரில் உள்ள பெல்வெடியர் மாளிகையில் 1953-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தேசிய நூலகத்தில், தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியரான வையாபுரிப் பிள்ளை அவர்கள் சேர்த்து வைத்த நூல்களும் சுவடிகளும் இருக்கின்றன. அவற்றைக் காணத் தமிழகத்து ஆராய்ச்சியாளர் இரண்டு நாள் ரயிற் பயணம் செய்து, தங்க இடம் தேடி அலைய வேண்டும். கல்கத்தாவில் வாழும் தமிழ் மாணவரோ காலையில் சென்று மாலையில் வீடு திரும்பிவிடலாம்.

பூகோளம் கற்பவருக்கும் கல்கத்தா புண்ணியபூமி எனலாம். பேராசிரியர் எஸ். பி. சட்டர்ஜி 1956-இல் தேசிய நிலப்பட நிறுவனத்தை அங்கேதான் தோற்றுவித்தார். இந்தியாவின் முதல் தேசிய நிலப்படத் தொகுதி அடுத்த ஆண்டே இந்தியில் வெளிவந்தது. 1964 முதல் 1968 வரை உலகப் பூகோள அறிஞர் சங்கத்தின் தலைமைப் பதவியை வகித்தவரும் அவரே.

தமிழகத்துக்கும் இத்துறையில் பழைய தொடர்பு உண்டு. லாம்டன் 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கிய அடிக்கோட்டிலிருந்து விரிந்ததே இந்தியாவின் பெரும் முக்கோண அளவை. அது குமரி முனையிலிருந்து இமயமலையின் அடிவாரம் வரை நீண்டது. லாம்டன் அதன் முடிவைக் காணவில்லை; இன்றைய மகாராஷ்டிரத்தின் வார்தா மாவட்டத்தைச் சேர்ந்த ஹிங்கன்காட்டில் 1823-இல் காலமானார். நாகபுரிப் பக்கத்து நேயர்களுக்கு அவ்வூர் தெரிந்திருக்கும்.

சரித்திரமும் பூகோளமும் வெவ்வேறு வகுப்பறைகளில் கற்பிக்கப்பட்டாலும், சிறந்த ஆராய்ச்சியில் அவை ஒன்றாகக் கலந்து விடுகின்றன. பேராசிரியர் எ. சுப்பராயலு 1973-இல் வெளியிட்ட சோழ நாட்டு அரசியல் பூகோள நூல் இதற்கு நல்ல சான்று. கல்வெட்டுகளில் வரும் ஊர்களை இன்றைய ஊர்களோடு பொருத்தி, நாடு, கூற்றம், வளநாடு என்ற பிரிவுகள் எந்த ஆற்றங்கரையில், எவ்வளவு பரப்பில் பரவிக் கிடந்தன என்று அவர் நிலப்படத்தில் குறித்துக் காட்டினார். அதன் பின்னரே சோழர் ஆட்சியைப் பற்றிய பல பேச்சுகளுக்குக் கால் ஊன்ற நிலம் கிடைத்தது. அன்று அவர் கையால் குறித்ததை இன்று கணிப்பொறி வழியே செய்கிறார்கள். அந்த வித்தையைக் கற்க விரும்பும் பூகோளப் பட்டதாரிகளுக்கு டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனத்தில் பட்டயப் படிப்புகள் உண்டு. இணையத்தின் வாயிலாகக் கட்டணமின்றியும் அந்நிறுவனம் பாடம் நடத்துகிறது. நிலப்படத் தொழிலில் தனியார் ஈடுபடுவதற்கு இருந்த தடைகள் 2021-இல் பெரிதும் தளர்த்தப்பட்டன. ஆதலால் பூகோளம் கற்றவர்க்கு ஆசிரியத் தொழில் ஒன்றே கதி என்ற காலம் போய்விட்டது. கணக்கில் அச்சமில்லாதவர் இத்துறையைத் துணிந்து மேற்கொள்ளலாம்.

தில்லியைப் பற்றிக் கூற மிகுதியாக உண்டு. தேசிய ஆவணக் காப்பகம் 1891-இல் கல்கத்தாவில் தொடங்கிப் பின்னர் தலைநகருக்கு வந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட அரசாங்க ஆவணங்களை, உரிய அடையாளச் சீட்டைக் காட்டிப் பதிவு செய்துகொண்ட எந்த ஆராய்ச்சியாளரும் அங்கே பார்வையிடலாம். பல ஆவணங்களை 'அபிலேக் படல்' என்ற இணையதளத்தில் வீட்டிலிருந்தபடியே படிக்கலாம். மொரிஷியசுக்கும் பிஜிக்கும் நேட்டாலுக்கும் கப்பலேறிய நம் முன்னோரைப் பற்றிய குடிபெயர்ச்சிக் கோப்புகள் அங்குள்ளன. கடல் கடந்தவர்களின் சரித்திரத்தை எழுதப் பலர் முன்வந்திருக்கிறார்கள். ரயிலேறி வந்த நம்முடைய சரித்திரமோ இன்னும் பெரும்பாலும் எழுதப்படாமலே கிடக்கிறது. கோலார் தங்க வயலில் 1880 முதல் 2001-இல் சுரங்கம் மூடப்படும் வரை தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள், மும்பைத் தாராவியில் தோல் பதனிட்டவர்கள், தலைநகரில் குமாஸ்தாக்களாக வந்தமர்ந்தவர்கள் ஆகிய இவர்கள் எந்த மாவட்டத்திலிருந்து, எந்தப் பஞ்சத்தால், யார் கைபிடித்து வந்தார்கள்? இது சரித்திரக் கேள்வி. பூகோளக் கேள்வியும் ஆகும். இதை ஆராய நம் பிள்ளைகளை விடத் தகுதி வாய்ந்தவர் வேறு யார்?

தில்லியில் இருந்துகொண்டே தமிழகத்தை ஆராய முடியுமா என்று ஐயுறுவோர்க்குப் பேராசிரியை சம்பகலட்சுமியின் பணி விடையாகும். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் கற்பித்த அவர், தென்னிந்திய வாணிகத்தையும் நகரங்களையும் பற்றி 1996-இல் வெளியிட்ட நூல் இன்றும் அத்துறையில் தவிர்க்க இயலாத நூலாக விளங்குகிறது.

இனிப் பொருள் வசதியைப் பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வு ஆண்டுக்கு இரு முறை நடைபெறுவது வழக்கம். அதில் உயர்ந்த இடம் பெறுவோர்க்கு இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிட்டும். 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்ட விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. வீட்டு வாடகைப் படி தனி. 2024 முதல் அதே தேர்வின் மதிப்பெண் டாக்டர் பட்ட ஆராய்ச்சியில் சேர்வதற்கும் கொள்ளப்படுகிறது. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே இருக்கும். இது தமிழ்நாட்டு மாணவர்க்கு இடர், நம் பிள்ளைகளுக்கு அவ்வளவு இடரன்று. இதுவன்றி, 1972-இல் நிறுவப்பெற்ற இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் குழுவும், 1969-இல் நிறுவப்பெற்ற இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவும் இளைஞர் முதல் முதிர்ந்த அறிஞர் வரை பல நிலையினர்க்கு உதவித்தொகை அளிக்கின்றன. பூகோள மாணவர்க்கு உரியது பின்னது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உதவித்தொகை ஐந்தாண்டில் முடிந்துவிடும். அதன் பிறகு நிரந்தரமான ஆசிரியப் பதவி உடனே கிட்டும் என்ற உறுதி இல்லை. தற்காலிக விரிவுரையாளராகச் சில ஆண்டுகள் காத்திருப்போர் பலர். ஆகவே குடும்பத்தின் முழுப் பாரத்தையும் உடனே தாங்க வேண்டிய பிள்ளையை இவ்வழியில் தள்ளுவது அறிவுடைமையாகாது. தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஓராண்டு ஆவணப் பராமரிப்புப் பட்டயம் போன்ற ஒன்றைத் துணையாகக் கற்று வைத்திருப்பது விவேகம்.

பட்டங்களை விட முக்கியமான தகுதி ஒன்று உண்டு. அதைப் பல்கலைக்கழகம் கொடுக்காது, வீடுதான் கொடுக்க வேண்டும். நம் பிள்ளைகளுள் பலர் தமிழ் பேசுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியவில்லை. நாம் மேலே கூறிய அனுகூலம் அனைத்தும் இந்த ஓர் இடத்தில் முறிந்துபோகிறது. ஜப்பானியராகிய நொபொரு கராஷிமா 1960-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்து, தமிழ் கற்று, கல்வெட்டு எழுத்துகளையும் கற்று, சோழர் காலத்து நில உடைமையைப் பற்றி உலகம் மதிக்கும் நூல்களை எழுதினார். 2013-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அவர் அந்நிய மொழியாகக் கற்றதை நம் பிள்ளைகள் தாய்மடியில் கற்கலாம். நாள்தோறும் அரை மணி நேரம், ஒரு தமிழ்ச் செய்தித்தாளின் ஒரு பக்கத்தை உரக்கப் படிக்கச் செய்தால் ஓராண்டில் எழுத்து வசமாகும்.

நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. பொங்கல் விழாவுக்கும் இசை விழாவுக்கும் திரட்டும் நிதியில் சிறு தொகையை ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரு மாணவரை மோடி வகுப்புக்கோ கல்வெட்டுப் பயிற்சிக்கோ அனுப்பலாம். அதைவிட எளிதான காரியம் ஒன்று உண்டு. சங்கத்தின் பழைய நடவடிக்கைக் குறிப்பேடுகள், உறுப்பினர் பட்டியல்கள், வரவு செலவுக் கணக்குகள் ஆகியவற்றைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போடாமல், ஒரு பெட்டியில் வைத்து, ஆண்டு எழுதி, ஈரம் படாத இடத்தில் காப்பாற்றி வைக்கலாம். உறுப்பினர் பட்டியலில் சொந்த ஊரின் பெயரும் குறித்திருந்தால் அதை வாங்கிப் படிக்க ஒரு நாள் நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் வந்து நிற்பார்.