பொருத்தம்

பொருத்தம் என்றதும் நமக்குத் திருமணமே நினைவுக்கு வருகிறது. பள்ளியில் அருகமர்ந்து படிப்பதும், ஆலையில் சேர்ந்து உழைப்பதுங்கூடப் பொருத்தங்களே.

நான் வாழும் படப்பை, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் உள்ளது. அதே சாலையில் மேற்கே சென்றால் ஒரகடம். அங்கே 2010இல் ரெனோ-நிசான் கார் ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. ஒரு கார் ஒருவர் கையால் உருவாவதன்று. ஒருவர் பூட்டிய பாகத்தின்மேல் அடுத்தவர் வேலை செய்கிறார். பிழையைக் கண்டவர், பிறர் மனம் நோகாமல் அதை உடனே எடுத்துச் சொல்லவும் வேண்டும். காண்பது அறிவுத்திறன், சொல்வது பழகுதிறன்.

டேவிட் டெமிங் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். 1980 முதல் 2012 வரை அந்நாட்டில், பிறரோடு மிகுதியும் பழக வேண்டிய தொழில்களின் பங்கு ஏறத்தாழ 12 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது. கணிதம் மிகுந்து பழக்கம் குறைந்த தொழில்களின் பங்கு 3.3 புள்ளிகள் தாழ்ந்தது. அவர் தரும் விளக்கம் எளியது: பழகத் தெரிந்தவர்கள் அவரவர் திறனுக்கேற்ப வேலையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஆளறிந்து வினையை ஒப்படைப்பதற்கென்றே வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரம் வகுத்தார் அல்லரோ?

இனி, மணம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தலைவன் தலைவியர்க்குப் பத்து ஒப்புமைகளைக் கூறுகிறது. பிறப்பும் குடிமையும் அவற்றுள் உண்டு. ஆயினும் அருளும் உணர்வும் உடன் எண்ணப்பட்டுள்ளன. இன்று பட்டத்தையும் சம்பளத்தையும் ஒப்பிடுகிற நாம், இவ்விரண்டையும் வினவுகிறோமா? பிறப்பை மாற்ற இயலாது. அருளையும் உணர்வையும் வளர்த்துக்கொள்ளலாம்.

வளர்க்கும் இடம் பள்ளி. மதிப்பெண் வரிசைப்படி மாணவரை அமர்த்தினால் வகுப்பு இரண்டாகப் பிளவுறும் என்பது என் ஆசிரியப் பணியில் நான் கண்டது. கலந்து அமர்த்தினால், விரைந்து கணக்கிடுபவன் பொறுமையாக விளக்கக் கற்கிறான். தயங்கியிருந்தவன் கேள்வி கேட்கத் துணிகிறான். இருவருமே பெறுகிறார்கள். வல்லவர் வல்லவரோடே சேரும் சமுதாயத்தில் எஞ்சியவர் என்னாவர்?

பின்னாளில் வேலையிலும் மணத்திலும் நம்மைப் பிறர் தேர்ந்தெடுப்பர், நாமும் தேர்ந்தெடுப்போம். தேர்ந்தெடுக்காதவரோடும் கூடி வாழும் பயிற்சியை வகுப்பறை போல் எளிதாகத் தரும் இடம் வேறில்லை. ஆகவே மாணவர்களே, இதுவரை நீங்கள் பேசாத ஒருவரோடு நாளை அமர்ந்து ஒரு பாடத்தைச் சேர்ந்து படியுங்கள்.