தாலிக்கொடியைக் கழிச்சு எழுதுங்கோ

கொழும்பில் கலியாண வீடொன்றுக்குப் போனால் 45 தாண்டிய பெண்ணுக்கு முதலில் கிடைக்கிற வரவேற்பு என்ன? "என்ன அக்கா, நல்லாக் கொழுத்திட்டீங்கள்!" கனடாவிலிருந்து வந்த மச்சாள் சொன்னால் மண்டபம் முழுக்கக் கேட்கும். சொன்னவர் பாயாசம் குடிக்கப் போய்விடுவார். கேட்டவர் அடுத்த கிழமை என்னிடம் வருவார்.

கொட்டாஞ்சேனையில் நான் நோயாளர் பார்க்கிற அறையில் தராசு ஒன்று இருக்கிறது. அதில் ஏறுமுன் செருப்பைக் கழற்றுவார்கள், மணிக்கூட்டைக் கழற்றுவார்கள். ஓர் அம்மா சொன்னார்: "தாலிக்கொடி பதினொரு பவுண் டொக்டர், அதைக் கழிச்சு எழுதுங்கோ." 88 கிராமைக் கழித்துத்தான் எழுதினேன்!

எனக்கென்றால் தராசைவிடத் தையல் நாடாவில்தான் நம்பிக்கை. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்நுனிக்கும் நடுவில் சுற்றுங்கள். மூச்சை விட்டபின் பாருங்கள். வயிற்றை எக்காதீர்கள், நான் பார்க்கவா போகிறேன்? தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் எல்லை. தாண்டினால் சீனி வருத்தமும் பிரஷரும் வர வாய்ப்புக் கூட.

வெள்ளவத்தையில் சாறி பிளவுஸ் தைக்கிறவர் ஒருவர் வயிறு பெருக்கிறதை எனக்கு முன்பே கண்டுவைத்திருக்கிறார். "ஐம்பதை அண்டினால் கீழ்ப்பட்டிதான் மிஸ் முதலில் பிடிக்கும்." மாதவிடாய் நிற்கிற காலத்தில் ஈஸ்ட்ரஜன் குறைய, தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. தசையும் குறைகிறது. இதைச் சோம்பல் என்று சொல்லுகிற கணவன்மார் இருந்தால் வானொலியைக் கொஞ்சம் கூட்டிவையுங்கள்.

சாப்பாட்டுக் கதைக்கு நேரமில்லை. இடியப்பத்தை எண்ணுகிறவர்கள் பின்னேரத் தேநீர்ச் சீனியையும் ரோல்ஸையும் எண்ணட்டும். மரைன் டிரைவில் நடப்பவர்கள் வீட்டுக்கு வந்து, கை ஊன்றாமல் கதிரையில் பத்துத் தரம் இருந்து எழும்பட்டும். தசைக்கு நடை மட்டும் காணாது.

எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 35 வயதிலிருந்து போகலாம், காசில்லை. பிரஷர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பார்கள். "கொஞ்சம் மெலிஞ்சிட்டுப் போவம்" என்று வருடக்கணக்காகத் தள்ளிப்போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அங்கே நிறையைச் சத்தமாக வாசித்தால், மெல்லச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கேட்கலாம்.

மணி அடிக்கப் போகிறது. 35 அல்லது 45 வயதில் ஒரு தங்கச்சியோ மச்சாளோ வீட்டில் இருந்தால், கருப்பைக் கழுத்தைப் பார்க்கிற பாப் பரிசோதனைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போவீர்கள் என்று நம்புகிறேன்.