தொட்டிலருகே இருமாதிருப்போம்

(பொதட்டூர்பேட்டையில் தாய்மார் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்தபோது தறிச்சத்தம் அடங்கிப்போனதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நூல் இல்லை, கூலி இல்லை. அந்தக் கஷ்டத்தைச் சிறிதாக்கிப் பேச நாங்கள் வரவில்லை. ஆனால் அதே மாதங்களில் பிள்ளைகளின் இருமலும் குறைந்தது. அதிலே நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

2020-இல் உலகம் முழுவதும் ஃப்ளூ காய்ச்சல் ஏறக்குறைய காணாமற்போயிற்று. கைக்குழந்தைகளுக்கு நெஞ்சுச்சளியும் இழுப்பும் உண்டாக்கும் ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸும் அப்படியே. ஆஸ்திரேலியாவில் அவ்வாண்டுக் குளிர்காலத்தில் அது தலைகாட்டவே இல்லை எனலாம். முகக்கவசம், கைகழுவுதல், பள்ளி மூடல் ஆகிய எல்லாம் கோவிட்டுக்காகச் செய்தவை. பலனோ மற்ற வியாதிகளிலும் தெரிந்தது.

இதில் ஆச்சரியமான செய்தி ஒன்று. நிமோனியாவுக்கு முக்கிய காரணமான நிமோகாக்கஸ் என்ற கிருமி, சுகமாயிருக்கும் பிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலும்கூடத் தங்கியிருக்கும். இஸ்ரவேல் நாட்டு மருத்துவர்கள் சோதித்தபோது, தொற்றுக் காலத்திலும் அது பிள்ளைகளின் மூக்கில் ஏறக்குறைய முன்போலவே இருந்தது. ஆனாலும் நிமோனியா குறைந்திருந்தது! கிருமி போகவில்லை, அதற்குக் கதவு திறந்துவிடும் வைரஸ்கள் வரவில்லை. ஃப்ளூவும் ஆர்.எஸ்.வி.யும் மூச்சுக்குழலின் உட்பரப்பைப் புண்ணாக்கும். காத்திருந்த கிருமி நுரையீரலுக்குள் இறங்கும். பெரியவருக்கு மூன்று நாள் சளியாய்ப் போவது, தொட்டில் பிள்ளைக்கு நிமோனியாவாய் முடியலாம்.

ஆனால் கதவைச் சாத்தியபோது நன்மைகளும் வெளியே நின்றுவிட்டன. 2020-இல் உலகில் சுமார் 2 கோடியே 30 லட்சம் குழந்தைகளுக்கு வழக்கமான தடுப்பூசிகள் தவறின என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் கணக்கிட்டன. தட்டம்மையும் கக்குவானும் நிமோனியாவில் கொண்டுபோய் விடக்கூடியவை என்பதை நாம் மறக்கலாகாது. பஸ் இல்லாததாலும் பயத்தாலும் ஆஸ்பத்திரிக்கு வராத பிள்ளைகளும் உண்டு. ஆகவே ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைந்ததையெல்லாம் சுகம் என்று எண்ணிவிடக் கூடாது.

விலகிநின்ற வைரஸ்களும் திரும்பிவந்தன. ஆஸ்திரேலியாவில் 2020 முடிவதற்குள், காலமல்லாத காலத்தில், ஆர்.எஸ்.வி. பெருகியது. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வகுப்புகள் 2021 நவம்பர் 1-இல் திறந்தன. 2022 செப்டம்பரில் பிள்ளைகளிடையே காய்ச்சல் பரவி, புதுச்சேரியில் அதே வகுப்புகளுக்குச் சில நாட்கள் விடுமுறை விடப்பட்டது. இரண்டு வருஷம் இந்த வைரஸ்களைச் சந்திக்காத பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவாயிருந்தது ஒரு காரணம் என்று மருத்துவர்கள் சொல்லுகிறார்கள்.

அப்படியானால் பிள்ளைகளைப் பூட்டிவைப்பதா? வேண்டாம். அதனால் படிப்பும் போயிற்று, மதிய உணவும் தடைப்பட்டது. காசு செலவில்லாத பழக்கங்களை மட்டும் வைத்துக்கொள்வோம்.

சளி, இருமல் உள்ளவர் யாராயிருந்தாலும், தாத்தாவானாலும் பாட்டியானாலும், கைக்குழந்தையை முத்தமிட வேண்டாம். பால் கொடுக்கும் தாய்க்கே சளி பிடித்தால் பாலை நிறுத்தாதீர்கள். முகக்கவசம் அணிந்து, கைகழுவிக் கொடுங்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். குளிப்பாட்டியபின் மூக்கில் எண்ணெய் விடுவதும், வாயால் ஊதுவதும், சாம்பிராணிப் புகை காட்டுவதும் வேண்டாம். தறி ஓடும் அறையில் தொட்டில் கட்ட வேண்டாம். பஞ்சுத்தூசி பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது.

நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021 ஜூலை முதல் தமிழ்நாட்டில் அரசால் இலவசமாகப் போடப்படுகிறது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணை. தவறியிருந்தால் அட்டையை எடுத்துக்கொண்டு கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் இன்றே வீட்டுக்குக் கொண்டுபோங்கள். இருமும் பிள்ளை அழாமல் இருக்கும்போது அதன் வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். இரண்டு மாதத்திற்குட்பட்ட பிள்ளைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40; இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் வாருங்கள். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும், விடியட்டும் என்று காத்திராதீர்கள். இரவானாலும் புறப்பட்டு வாருங்கள்.

நண்பர்களே, ஊரடங்கு நமக்குக் காட்டியது இதுவே: பிள்ளையின் மூச்சைக் காக்கும் வேலை ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குவதில்லை, உங்கள் வீட்டுத் தொட்டிலருகே தொடங்குகிறது. நாம் இருமும்போது நான்கடி தள்ளி நிற்பதும் அதில் ஒரு பங்கு.