பந்தலுக்குப் பின்வாசல் வேண்டும்

(தைப்பூசத்தை முன்னிட்டுப் பினாங்கில் தண்ணீர்ப் பந்தல் பொறுப்பாளர்களுக்கும் உபயகாரர்களுக்கும் நடைபெற்ற விளக்கக் கூட்டத்தில் ஆலயச் செயலவை உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நாம் வணங்கும் முருகப்பெருமான் நெருப்பிலே பிறந்தவன். சிவபெருமானின் நெற்றிக்கண்ணிலிருந்து எழுந்த தீப்பொறிகளை வாயுவும் அக்கினியும் தாங்கிச் சென்று சரவணப் பொய்கையில் சேர்த்தார்கள் என்று கந்தபுராணம் கூறுகிறது. தேவர்களே தாங்க முடியாத நெருப்பு, சேர வேண்டிய இடத்தில் சேர்ந்ததும் ஆறு குழந்தைகளாயிற்று. நெருப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் அது தெய்வம். இடம் மாறினால் என்ன ஆகும் என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

தைப்பூசத்தின் மூன்று நாளும் ஜாலான் உத்தாமாவிலும் ஜாலான் கெபுன் பூங்காவிலும் நூற்றுக்கும் மேற்பட்ட தண்ணீர்ப் பந்தல்களை நாம் அமைக்கிறோம். காவடி எடுப்போருக்கும், பால்குடம் சுமப்போருக்கும், வேடிக்கை பார்க்க வரும் சீன, மலாய் நண்பர்களுக்கும் மோரும் சோறும் கொடுக்கிறோம். தாகம் தீர்க்கும் இந்தத் தருமம் பினாங்குத் தமிழருக்குப் பெருமை. அந்தப் பெருமையில் எனக்கும் சிறு பங்கு உண்டு. ஒரு குற்றத்திலும் எனக்குப் பங்கு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழுவினரின் பந்தல் 20 அடிக்கு 20 அடி அளவில் இரண்டு கூடாரங்களை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. முன்கூடாரத்தில் பரிமாறினோம், பின்கூடாரத்தில் சமையல். பின்பக்கம் திறந்தே இருந்தது. கழுவாத பாத்திரங்களும் குப்பைப் பைகளும் வெளியே தெரிகின்றனவே என்று ஒருவர் குறைப்பட்டார். உபயகாரர்களின் பெயர்களைத் தாங்கிய பெரிய துணிப்பலகை ஒன்று எங்களிடம் இருந்தது. "அதைப் பின்பக்கம் கட்டிவிடுங்கள், மறைத்தாற்போலும் ஆச்சு, பெயர் தெரிந்தாற்போலும் ஆச்சு" என்று சொன்னவன் நான்தான்.

அன்றிரவு ரதம் வரும் நேரம். வடை பொரித்துக்கொண்டிருந்த வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தது. பதற்றத்தில் ஒரு பையன் வாளித் தண்ணீரை அதில் ஊற்றிவிட்டான். அடுத்த நொடி தீ கூரைத் துணிவரை எழும்பியது. முன்கூடாரத்தில் இருந்தவர்கள் சாலைக்கு ஓடிவிட்டார்கள். பின்னால் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஐந்து பெண்களுக்கு முன்னே தீ. பின்னே நான் கட்டச் சொன்ன துணிப்பலகை. ஓர் இளைஞர் வெளியே சுற்றி ஓடி, காய்கறிக் கத்தியால் கயிறுகளை அறுத்தார். நால்வர் காயமின்றி வந்தார்கள். பல ஆண்டுகள் நம்மோடு தொண்டு செய்த மூதாட்டி ஒருவருக்கு உருகிச் சொட்டிய துணி இரு கைகளிலும் விழுந்து வெந்துவிட்டது.

மருத்துவமனைக்குப் பார்க்கச் சென்றேன். அந்த அம்மா என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "பேனர் நல்லாத்தான் இருந்துச்சு வாத்தியாரே, அதுல ஒரு வாசல் வெச்சிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியம்தான் இன்றைய என் உரை. மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்.

அன்பர்களே, இது நம் பந்தலில் மட்டும் நடந்ததன்று. 1995ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் இந்தியாவின் அரியானா மாநிலத்து டப்வாலி ஊரில், பள்ளி ஆண்டு விழாவுக்குப் போட்ட செயற்கைத் துணிப் பந்தல் தீப்பிடித்தது. 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளும் தாய்மார்களும். 1997ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் மக்காவுக்கு அருகிலுள்ள மினாவில், எரிவாயு அடுப்பிலிருந்து பரவிய தீ காற்றோடு சேர்ந்து சுமார் 70,000 கூடாரங்களை அழித்தது. 343 ஹஜ் யாத்திரிகர்கள் இறந்தனர். அதே ஆண்டு ஜூன் 7ஆம் நாள் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் தீப்பற்றியது. தீயிலும் நெரிசலிலும் சிக்கி 40க்கும் மேற்பட்ட பக்தர்கள் உயிரிழந்தனர். ஆயிரம் ஆண்டுகளாக நிற்கும் கற்கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. சில நாளைக்கென்று போட்ட கொட்டகைதான் உயிர்களைக் குடித்தது.

மூன்று இடத்திலும் கூடியவர்கள் நல்ல காரியத்துக்குக் கூடியவர்கள். பக்தியோ குழந்தைமையோ நெருப்புக்குத் தெரியாது. தலைக்கு மேலே எரியக்கூடிய கூரையா, வெளியேற வழி போதுமா, இவ்விரண்டையும்தான் அது பார்க்கிறது. சவுதி அரேபியா அதற்குப்பின் மினாவில் தீயைத் தாங்கும் கண்ணாடி இழைக் கூடாரங்களை அமைத்தது. கூடாரத்துக்குள் எரிவாயு அடுப்புக்குத் தடை விதித்தது. வருமுன் காக்காதவனின் வாழ்வை நெருப்பின் முன் வைத்த வைக்கோற்போருக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். நாம் வந்தபின்னாவது காக்க வேண்டாமா?

இனிச் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, வாசல். ஒவ்வொரு பந்தலுக்கும் எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு வழிகளாவது இருக்க வேண்டும். பரிமாறும் மேசைகளை முன்பக்கம் முழுவதும் சுவர்போல அடுக்காதீர்கள். நடுவில் இருவர் சேர்ந்து போகும் அளவு இடைவெளி விடுங்கள். பின்பக்கத்தில் துணி, பலகை, அரிசி மூட்டை, தண்ணீர்ப் பெட்டி எதுவும் வேண்டாம். கூடாரத்தை இழுத்துக் கட்டும் கயிறுகளில் வெள்ளைத் துணி முடிந்துவிடுங்கள். இருட்டில் ஓடுபவர் காலில் தடுக்காது. அடுத்த பந்தலுக்கும் நம் பந்தலுக்கும் இடையே இடம் விடுங்கள். துணியோடு துணி தொட்டால் ஒருவர் வீட்டுத் தீ இருவர் வீட்டுத் தீயாகிவிடும்.

இரண்டாவது, கூரை. வாடகைக்கு எடுக்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். தீ எளிதில் பரவாதபடி பதப்படுத்திய துணியா, அதற்குச் சான்று உண்டா என்று கேளுங்கள். அப்படிப்பட்ட துணியும் எரியவே எரியாது என்று எண்ண வேண்டாம். அது மெதுவாகப் பரவும். நமக்குச் சில நிமிடங்கள் கிடைக்கும். அந்தத் துணிக்குக் கீழே அழகுக்காக மெல்லிய நைலான் துணியையும் போலிஸ்திரின் வளைவுகளையும் தொங்கவிட்டால், கிடைத்த நிமிடங்களை நாமே இழந்துவிடுகிறோம். முதல் நாள் பசுமையாக இருக்கும் தென்னந்தோரணம் மூன்றாம் நாள் சருகு. காய்ந்ததை அன்றன்றே கழற்றிவிடுங்கள்.

மூன்றாவது, அடுப்பு. இயன்றவரை வீட்டிலோ ஆலய மடைப்பள்ளியிலோ சமைத்து எடுத்து வாருங்கள். அங்கேயே சமைக்கத்தான் வேண்டுமென்றால் துணிக்கூரையின்கீழ் வேண்டாம். தள்ளி, திறந்த வெளியில், கூட்டம் வராதபடி தடுப்புக் கட்டிச் சமையுங்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு ஊர்ந்து கால்வாயில் இறங்கித் தங்கும். ஆகவே தோம்பைக் கால்வாய் ஓரத்தில் வைக்காதீர்கள், படுக்க வைக்காதீர்கள், அடுப்புக்கு அருகில் வைக்காதீர்கள். மாற்றுத் தோம்புகளைப் பந்தலுக்கு வெளியே நிழலில் வையுங்கள். ரப்பர் குழாயிலும் ரெகுலேட்டரிலும் சவர்க்காரத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிகிறது என்று பொருள். நெருப்புக்குச்சியைக் கிழித்துச் சோதிப்பவரை நான் இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன்!

எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஏன்? எரியும் எண்ணெயின் சூடு தண்ணீர் கொதிக்கும் 100 டிகிரியைவிடப் பல மடங்கு அதிகம். ஊற்றிய தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கி, அந்தக் கணமே நீராவியாகி, ஆயிரம் மடங்குக்கு மேல் பெருகி, எரியும் எண்ணெயை மேலே வீசுகிறது. அந்தப் பையன்மீது தவறில்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அடுப்பை அணையுங்கள், வாணலியை மூடுங்கள், மூடியை உடனே திறக்காதீர்கள். வாணலிக்குப் பொருத்தமான மூடி அடுப்புப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

நான்காவது, மின்சாரம். கணக்குப் பாடம் நடத்திய பழக்கம் என்னை விடவில்லை. ஒரு சிறு கணக்குப் போடுவோம். நம் பிளக் 13 ஆம்பியர். மின்னழுத்தம் 230 வோல்ட். பெருக்கினால் ஏறக்குறைய 3,000 வாட். வெந்நீர்க் கொதிகலன் 2,500, பெரிய மின்சாரச் சோற்றுப் பானை 2,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் சொருகினால் 4,500. கம்பி சூடாகாமல் என்ன செய்யும்? பிளக்கிலுள்ள பியூஸ் போனால் அது நம்மைக் காப்பாற்றியது என்று அறிந்துகொள்ளுங்கள். அதன் இடத்தில் வெள்ளித்தாளைச் சுற்றி வைக்காதீர்கள். சுருட்டி வைத்த கம்பியை முழுவதும் பிரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். சூடேறும் பெரிய விளக்குகள் துணியைத் தொடக் கூடாது. ஜெனரேட்டர் பந்தலுக்கு வெளியே இருக்கட்டும்; அதை நிறுத்தி, ஆறவிட்ட பிறகே எண்ணெய் ஊற்றுங்கள். இணைப்பு வேலைகளைப் பதிவு பெற்ற மின்பணியாளரிடம் ஒப்படையுங்கள்.

ஐந்தாவது, விளக்கும் சூடமும். முருகன் படத்துக்கு முன் விளக்கேற்றாமல் நமக்கு மனம் கேட்காது. ஏற்றுங்கள். மணல் பரப்பிய தாம்பாளத்தில் வைத்து ஏற்றுங்கள். பின்னால் துணித்திரை வேண்டாம். சூடத்தைப் பொட்டலம் பொட்டலமாக விளக்கின் அருகில் குவிக்காதீர்கள். ஆள் இல்லாத இடத்தில் விளக்கு எரிய வேண்டாம்.

ஆறாவது, தீயணைப்புக் கருவி. அடுப்பின் பக்கத்தில் மாட்டினால் தீப்பிடித்தபின் அதை எடுக்க முடியாது; வாசலருகே வையுங்கள். அதன் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பாருங்கள். ஊசியை இழு, தீயின் அடிப்பாகத்தைக் குறிபார், பிடியை அழுத்து, இடமும் வலமுமாக வீசு: இந்த நான்கையும் எல்லாத் தொண்டூழியர்களும் அறிந்திருக்க வேண்டும். கருவியில் உள்ள தூள் அரை நிமிடம்கூட வராது. அதற்குள் அடங்காத தீயோடு போராடாதீர்கள், ஆட்களை வெளியேற்றுங்கள். ஒருவர் முதலிலேயே 999க்கு அழைத்திருக்க வேண்டும். பொம்பா வண்டி வர வழி வேண்டும்; சாலையோரத்துத் தீயணைப்பு நீர்க்குழாயை மறைத்து, ரதத்துக்கு உடைக்கும் தேங்காய்களைக் குவிக்காதீர்கள்.

கடைசியாக, ஓர் ஆள். ஒவ்வொரு வேளைக்கும் ஒருவர், பரிமாறாமல், பாட்டுப் போடாமல், அடுப்பையும் கம்பியையும் வாசலையும் மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சும்மா நிற்கிறாரே என்று யாரும் அவரைக் கேலி செய்யக் கூடாது. அதுவும் முருகனுக்குச் செய்யும் தொண்டுதான்.

மாநகர் மன்றமும் தீயணைப்பு மீட்புத் துறையும் விதிக்கும் நிபந்தனைகளைத் தொல்லை என்று சிலர் பேசுகிறார்கள். அதிகாரி வரும்போது கருவியை இரவல் வாங்கி மாட்டிவிட்டு, அவர் போனதும் அடுத்த பந்தலுக்குக் கொடுத்தனுப்புகிறவர்களும் உண்டு. அதிகாரியை ஏமாற்றலாம், அந்தக் கூரையின்கீழ் நிற்கப்போவது நம் வீட்டுப் பிள்ளைகள் அல்லவா?

உபயகாரப் பெருமக்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் பொருள் இல்லாமல் இந்தத் தருமம் இல்லை. உங்கள் பெயர் நான்கு பேருக்குத் தெரிய வேண்டும் என்பதும் நியாயமே. பெயர்கள் ஆண்டு மலரில் அச்சாகும். பந்தலின் முன்னே சிறு பலகையிலும் எழுதப்படும். பின்வாசலை மட்டும் எங்களுக்கு விட்டுக்கொடுங்கள். பத்து மூட்டை அரிசி கொடுப்பவர் ஒன்பதாகக் குறைத்து, அந்தப் பணத்தைத் தீயணைப்புக் கருவிக்குத் தாருங்கள். மூன்று நாளும் அது பயன்படாமலே திரும்பி வந்தால் உங்கள் உபயம் வீணாயிற்று என்று எண்ணாதீர்கள். அதுவே நிறைவேறிய உபயம்.

அந்த அம்மா அடுத்த தைப்பூசத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த ஆண்டு வந்தார். விரல்கள் முன்போல் மடங்கவில்லை. கத்தி பிடிக்க முடியாது. வந்தவர் நேராகப் பின்பக்கம் போய்ப் பார்த்தார். அங்கே எதுவும் கட்டப்படாமல் வழி திறந்திருந்தது. பிறகுதான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மோர்க் குவளைகளை அடுக்கத் தொடங்கினார்.

இவ்வாண்டு நம் பந்தல் ஒவ்வொன்றையும் அந்த அம்மா வந்து பார்ப்பதாக நினைத்துக்கொண்டு அமையுங்கள். தண்ணீர்மலை வேலவன் அருளால் வந்தவர் அனைவரும் தாகம் தீர்ந்து, நலமாக வீடு திரும்பட்டும்.